வளையல் கழற்றின துண்டு

நகரி,
விளம்பி வருஷம் ஐப்பசி 9

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு அம்மா தாட்சாயணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் நைனா, சின்னம்மா சுந்தரம்மா மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பம்பாயில் மழை விட்டதா, உன் இருமல் நின்றதா, ஓட்டல் சோற்றை விட்டுவிட்டு நீயே பொங்கிக்கொள்வதாகச் சொன்னாயே அது நடக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. உன் கடிதத்தை நைனா பேருக்குத்தான் போட்டிருந்தாய். அவர் ஒரு தரம் படித்தார், மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினார், அதோடு சரி. நீ கேட்டது அவரைத்தான் என்றாலும் நீ எடுத்த சினிமாப் படத்தில் என் மூஞ்சியும் இருப்பதால் நானே எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, பிழை இருந்தால் சிரிக்காதே. சிரிப்பு என்று எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது, ஏன் என்று சொல்கிறேன் கேள்.

படத்தை வெளிதேசத்துப் போட்டிக்கு அனுப்பப் போகிறாய், நைனா ஜாத்திரை வேஷம் கலைக்கிற படத்துண்டை வைக்கட்டுமா வெட்டட்டுமா, ஊரில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் சிநேகிதன் வெங்கடரமணன் பாதியை மறைத்து எழுதியிருப்பான், நல்ல பிள்ளை, உன் மனசு நோகக்கூடாது என்று நினைப்பவன். நான் மறைக்கப் போவதில்லை. உன் படத்தால் இந்த ஊரில் எங்கள் மானம் போனது, அதுதான் முதல் சேதி. மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

வெங்கடரமணன் மெட்ராஸிலிருந்து ரீல் பெட்டியோடு வந்து இறங்கியதும் டூரிங் கொட்டகைக்காரர் ஒரு சாயங்காலம் முழுக்க இலவசமாகக் கொடுத்தார், கங்கம்மா ஜாத்திரை படம், நம்ம ஊர்ப் பிள்ளை எடுத்தது என்று தமுக்கு வேறு அடிக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் கொட்டகை நிரம்பிவிட்டது. அம்மன் படமாயிற்றே என்று திரைக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரத்தைப் பார்த்ததும் நம் தெரு செல்லியம்மாவும் மற்ற தாலியில்லாத பெண்களும் யாரும் சொல்லாமலே எழுந்து பின்னால் கீற்று ஓரத்துக்குப் போய்விட்டார்கள், உன் சின்னம்மாவும் போனாள். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவே இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் எதிர்வீட்டு ரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் பிள்ளை எடுத்த படம் என்ற திமிர் வேறு.

உனக்கு மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது பெண்வேஷம் கட்டுவதாக நைனா கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து சித்திரை மாச ஜாத்திரை தவறாமல் என் புடவையைக் கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, பூவும் குங்குமமுமாகத் தெருவில் இறங்கி வாய்க்கு வந்ததெல்லாம் திட்டிக்கொண்டு போகிறார். வேஷக்காரன் வாயால் வாங்கும் வசவு அம்மன் கொடுத்தது என்று பெரிய மனுஷர்களும் எதிரில் வந்து நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். வேஷம் கலைத்த பிறகு அவர் பழையபடி ஆதிநாராயணன், அன்றைக்கு நடந்ததை ஊரில் யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள். கலைக்கிறதை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். நீ அதையும் அல்லவா பெட்டிக்குள் பிடித்து வைத்துவிட்டாய்.

படம் ஓடியது. பாட்டு இல்லை, கதை இல்லை, நைனா அதே தெருவில் மூன்று தரம் நடந்து வந்தார். மிஷினில் ஏதோ கோளாறு என்று ஆண்கள் பக்கம் சத்தம் போட்டார்கள். பிறகு நைனா திட்டுவதற்கு வாயைத் திறந்தார், வந்தது நம்ம வரதராஜன் குரல், ஆந்திரா எல்லைச் சண்டையின்போது கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து நகரி தமிழனுக்கே என்று முழங்கினாரே அந்தக் குரல். தெலுங்குக் கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த தரம் வாயைத் திறந்தார், ஊர்க் கணக்குப் பார்க்கிற கர்ணம் தெலுங்கில் பேசின பேச்சு. இப்போது தமிழ்க்கட்சி சிரித்தது, தெலுங்குக்காரர்கள் வாய் மூடிக்கொண்டது. மூன்றாம் தரம் இரண்டு குரலும் சேர்ந்து வந்ததா, கொட்டகையே எழுந்து நின்றது. எல்லைத் தீர்ப்பு வந்து இத்தனை நாளாகியும் ஒருவரை ஒருவர் பார்த்தால் முறைத்துக்கொள்கிற இரண்டு கட்சியும் அன்றைக்குத்தான் ஒற்றுமையாகச் செருப்பைக் கழற்றித் திரை மேல் எறிந்தார்கள். இளவட்டங்கள் மட்டும் ஒன்ஸ்மோர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அப்புறம் அந்தத் துண்டு வந்தது. சத்தமே இல்லை. நம் வீட்டுப் பின்கட்டு, நைனா மணையில் உட்கார்ந்திருக்கிறார், நான் எதிரில் உட்கார்ந்து அவர் தலையிலிருந்து பூவை எடுக்கிறேன். ஈரத்துணியால் குங்குமத்தை அழிக்கிறேன். கையில் விளக்கெண்ணெய் தடவி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைக்கிறேன். வெறும் நெற்றி, வெறும் கை. நான் வருஷா வருஷம் செய்கிற வேலைதான், ஒரு நாளும் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. அவ்வளவு பெரிய திரையில், அவ்வளவு மெதுவாக, பேச்சு மூச்சு இல்லாமல் பார்த்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது, எனக்குப் புரிவதற்குள் எல்லாப் பெண்களுக்கும் புரிந்துவிட்டது. புருஷன் செத்த பத்தாம் நாள் பொம்பிளைக்குச் செய்கிறதை நான் உயிரோடு இருக்கிற புருஷனுக்குச் செய்துகொண்டிருந்தேன். அதிலும் சிரித்துக்கொண்டே. பல் தெரியச் சிரிக்கிறேனடா. நீ அப்போது மிஷினுக்குப் பின்னாலிருந்து நைனா மீசை எடுத்ததில் அவர் சித்தூர் ஜட்ஜு சம்சாரம் மாதிரி இருக்கிறார் என்று ஏதோ கிண்டல் செய்தாய், அதற்குத்தான் சிரித்தேன். உன் குரலை எடுத்துவிட்டாய், என் சிரிப்பை மட்டும் வைத்துவிட்டாய். பார்க்கிறவர்களுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

ரத்தினம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், என்னைப் பார்த்துத் தூ என்று மண்ணில் துப்பினாள், இப்பிடி ஒரு வௌயாட்டு எந்த வூட்லயும் பாத்ததில்ல, நீயெல்லாம் வாழறவளா என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னாலேயே பூவும் பொட்டுமாக இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். கீற்று ஓரத்தில் இருந்தவர்கள் மட்டும் அசையவில்லை. கொட்டகைக்காரர் மிஷினை நிறுத்தச் சொன்னார். பின்னாலிருந்து செல்லியம்மா, எதுக்கு நிறுத்தறீங்க, எங்களுக்கு இன்னொரு தரம் போடுங்க என்றாள். அந்தக் கிழவி கொட்டகையில் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. வெங்கடரமணன் என்ன நினைத்தானோ அந்தத் துண்டை மட்டும் மறுபடியும் ஓட்டினான். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போனவர்களோடு போக முடியவில்லை, அவர்கள் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் போனார்கள். பின்னால் போய் உட்காரவும் முடியவில்லை, என் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, எந்த மூஞ்சியோடு உட்காருவேன். திரையில் நான் இரண்டாம் தரம் சிரித்து முடிக்கிறவரை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கத்தை நான் எந்தப் பிறவியிலும் மறக்கமாட்டேன்.

மறுநாள் வரதராஜனும் கர்ணமும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள். தங்கள் குரலையும் அந்தத் துண்டையும் வெட்டி எரித்ததாக உன்னிடமிருந்து காகிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் வருகிற சித்திரையில் ஆதிநாராயணன் வேஷம் கட்டக்கூடாது, அபசகுனம் பிடித்த கை கட்டிவிடுகிற வேஷம் ஊருக்கு ஆகாது என்றார்கள். அபசகுனம் பிடித்த கை என்னுடையது. நைனா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார், கழனிக்கும் ஏரிக்கரை சுற்றிக்கொண்டுதான் போகிறார். எனக்கும் வெட்டினால் போதும் என்றுதான் இருந்தது. தெருக்குழாய்க்கு நான் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள், உன் படத்துக்காக நான் எத்தனை நாள் இதைச் சுமப்பது. வெட்டி எரித்துவிடு என்று உனக்கு எழுதவே காகிதம் எடுத்தேன், அதில் முதல் நாலு வரி அப்படித்தான் இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிழித்தது ஏன் என்றால் சின்னம்மாவால். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து வந்ததிலிருந்து நான் அவள் மூஞ்சியை நேராகப் பார்க்கவில்லை, அவளும் அதைப்பற்றிப் பேசவில்லை. திடீரென்று, அக்கா, அந்தத் துண்ட வெட்டவேணான்னு கோவர்த்தனுக்கு எழுது என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவள் உடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள், எனக்குப் பண்ணப்ப மூஞ்சிய மூடிப்புட்டாங்க, என்னா பண்ணாங்கன்னு நான் பாத்ததே இல்ல, வளையல கல்ல வெச்சி ஒடச்சாங்க, மணிக்கட்டுல சில்லு ஏறி சீழு புடிச்சிது, ரொம்ப நாளு கையால சோறு துன்ன முடியல, நீ மாமா கைக்கு எண்ண தடவி ஒவ்வொண்ணா கழட்டற, அவரும் நீட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு, ஒரு கீறல் இல்ல, அப்பிடியும் கழட்டலாம்னு எனக்கு அன்னிக்கித்தான் தெரியும் என்றாள். நான் சிரிக்கிறேனே சுந்தரம், அது உனக்குக் கஷ்டமா இல்லையா என்று கேட்டேன். சிரிச்சா என்னா அக்கா, எனக்கு ஒடச்சவங்க அத்தினி பேரும் அழுதுக்கினேதான் ஒடச்சாங்க என்றாள்.

உன் சித்தப்பா காலமானபோது நீ பம்பாயில் இருந்தாய், தந்தி கிடைத்து நீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் அதிகாலையில் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனபோது வாழ்கிறவள் பார்க்கக்கூடாது என்று என்னை உள்ளே போகச் சொன்னார்கள், நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தவள் கையில் துணி சுற்றியிருந்தது. ஈரப்புடவையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தேனே தவிர, உள்ளே என்ன என்று கேட்கவில்லை. ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒரே பாயில் படுக்கிறோம், அந்தத் தழும்பை அவள் சொல்லித்தான் முதல் முதலாகப் பார்த்தேன். கொட்டகையில் பட்டது வெட்கமே இல்லை கோவர்த்தனா, இதுதான் வெட்கம்.

சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு, அவளே சொன்னாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை கழுவிவிட்டு வந்து, உனக்கு என்னா தோணுதோ எழுது என்றார். எனக்குத் தோன்றுகிறதை எழுதுகிறேன். வரதராஜன் குரலையும் கர்ணம் குரலையும் நீ வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, அதை நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வளையல் கழற்றுகிற துண்டில் ஒரு அங்குலம் கூட வெட்டாதே. என் சிரிப்பும் இருக்கட்டும். எனக்கு அதைப் பார்க்க இன்னும் கூச்சம்தான், குழாயடியில் இன்னும் தலை குனிந்துதான் நிற்கிறேன், இந்தக் கடிதம் போட்ட பிறகு அது கூடுமே தவிரக் குறையாது. வேஷம் கட்டவிடவில்லை என்றால் நைனா வேட்டியோடு போய் அம்மன் முன்னால் நிற்கட்டும், அவளுக்குத் தெரியாதா.

குளிர் வரப்போகிறது, கம்பளி வாங்கிக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. கங்கம்மா உன்னை அன்றைக்குக் காப்பாற்றினதுபோல என்றைக்கும் காப்பாற்றட்டும், எண்ணியது கைகூடி நீண்ட ஆயுசோடு இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. சுமங்கலி வாயால் சொல்லக்கூடாதது, நைனா காதில் விழும்படியே சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் எழுதுகிறேன். அப்படி ஒரு நாள் எனக்கு வந்தால் யாரும் கல்லை எடுக்கக்கூடாது, எண்ணெய்க் கிண்ணத்தோடு சுந்தரம்மாதான் என் பக்கத்தில் உட்காரவேண்டும். அன்றைக்கு வீட்டில் நின்று அதைச் சொல்லவேண்டிய ஆண்பிள்ளை நீதான், எங்கே இருந்தாலும் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. தாட்சாயணி