கடைசிப் பக்கத்தில் ரப்பர் பால்

ஈப்போ
பிரபவ வருஷம், ஆடி மாதம், சனிக்கிழமை

இதனால் சகல ஜனங்களுக்கும் அறியச் செய்வது யாதெனில், நமது வாசகசாலைப் புராணப் புத்தகம் ஒன்றில், ராஜா நாட்டை விட்டுக் காட்டுக்குப் போகிற இடத்தில், தலையும் வாலும் சேதமில்லாத நெத்திலிக் கருவாடு ஒன்று பக்க அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது சென்ற செவ்வாய்க்கிழமை கண்டெடுக்கப்பட்டது. அன்னாரின் இறுதிச் சடங்கு கொல்லைப்புறத்தில் நடந்தேறியது. பூனை மட்டும் கலந்துகொண்டது.

சென்னப்பட்டணத்து அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மூத்த மகன் சிரஞ்சீவி பத்துமலைக்கு, ஈப்போவிலிருந்து உன் அப்பா அப்பாவு சொல்லிக்கொள்வது. இந்த வீட்டில் மூன்று பேரும் வேளைக்கு உண்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று கப்பல் தபால் வந்து சொல்ல வேண்டும். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. எனக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இந்த மாதம் முடிகிறவரை அவிழ்க்கக் கூடாதாம், வலி ஒன்றும் இல்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி சீனி எழுதுகிறான். (அண்ணே, அடைப்புக்குள் வருவதெல்லாம் உங்கள் தம்பியின் சொந்தச் சரக்கு. மேலே போன கருவாட்டுச் செய்தியும் நான் போட்டதுதான். அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது அடைப்புகளை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவேன், நீங்கள் பயப்பட வேண்டாம்.) உன் அம்மா சொல்லச் சொல்கிறாள், ஓட்டலில் மோர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டுமாம், ஈரச் சட்டையை உடம்பிலேயே காயவிடக் கூடாதாம், அச்செழுத்து கோத்த ஈயக் கையோடு சோற்றில் கை வைக்கவே கூடாதாம்.

கையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் குமட்டுகிறது. வாசகசாலையிலிருந்து இரவல் போய்த் திரும்பும் புத்தகங்களைச் சரிபார்ப்பது காரியதரிசியான என் வேலை அல்லவா, கண் கட்டோடும் அதை நான் விடவில்லை. சீனி ஒவ்வொன்றாக மடியில் வைப்பான், நான் தடவியும் முகர்ந்தும் பார்ப்பேன். கண் தெரிந்தவரை எழுத்தைத்தான் பார்த்தேன், அழுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. இப்போது எழுத்து போய்விட்டது, அழுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் நமுத்த அப்பளம்போல் தொங்குகிறது. வைத்திய நூலைத் திறந்தால் மூக்குப்பொடி, வெறும் பொடி என்றால் தட்டிவிடலாம், தும்மலும் சேர்ந்து காய்ந்து சொரசொரவென்று கிடக்கிறது. பக்திப் பாட்டுப் புத்தகத்தில் கொசுவை வைத்து அடித்து மூடியிருக்கிறான் ஒரு பக்தன். இன்னொருவன் நீதி நூலைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறான், நல்லெண்ணெய் ஊறி இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் தெரிகிறதாம். சம்பல் அரைத்த கையோடு யாரோ புரட்டியதில் ஒரு புத்தகம் முழுக்கப் புளித்த இறால் பெலாச்சான் நாற்றம், அதை முகர்ந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாரியம்மன் படம் இருந்த ஏட்டைக் கத்தரித்து ஒரு வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், கேட்டு வாங்கி வா என்று சீனியை அனுப்பினால் சூடம் ஏற்றித் தட்டை நீட்டியிருக்கிறார்கள், இவனும் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிற்கிறான். குழந்தை நனைத்த புத்தகத்தை வெயிலில் போட்டு எடுத்து, காஞ்சு போச்சுங்க என்று சிரித்துக்கொண்டே கொடுக்கிற ஆளை நான் என்ன செய்வது. எச்சில் தட்டைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடலாம், புத்தகத்தை எதைப் போட்டுத் தேய்க்க. (வாசகசாலை என்ற பலகையைக் கழற்றி வாசனைசாலை என்று மாட்டலாம் என்றேன். நூல்நிலையத்தில் இப்போது தைத்த நூல்தான் நிலையாக இருக்கிறது, ஏடுகள் இல்லை என்றும் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அண்ணே, துப்பறிவதில் என்னை மிஞ்ச ஈப்போவில் ஆள் கிடையாது. பொடிக்காரர் யார், எண்ணெய்த் தலை யாருடையது, எல்லாவற்றையும் கண்டுபிடித்தது நான்தான். அப்பா மூக்கு, நான் மூளை.)

வியாழக்கிழமை தேனப்பன் செட்டியார் வந்திருந்தார், நம் வாசகசாலைத் தலைவர், உனக்குத் தெரியாதவர் அல்ல. நெத்திலியைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அப்பாவு, இனிமே ஒரு பொத்தகமும் வெளிய போகப்படாது, கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லிட்டேன், வேணுங்கிறவன் கையக் கழுவிட்டு வந்து இங்கனயே உக்காந்து படிச்சிட்டுப் போகட்டும், தோட்டத்துப் பெட்டிய மொதல்ல நிப்பாட்டுவோம், என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது தீர்மானமாக வருகிறது. தோட்டத்துப் பெட்டி என்றால் நீ கப்பலேறுமுன் உன் கையால் ஆணியடித்துக் கொடுத்தாயே, அதுதான். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் சன்னாசி மாதம் ஒருமுறை ரயிலில் வந்து அதில் புத்தகங்களை நிரப்பித் தூக்கிப் போவான். அந்தக் கூலி வீட்டு லயத்தில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் அவன், பொழுது சாய்ந்ததும் அவன் உரக்க வாசிக்க லயமே கூடிக் கேட்கும். அந்தப் பெட்டிக்காக இதே செட்டியாரோடு இரண்டு வருஷம் நான் மல்லுக்கு நின்றேன். வரப்போகிற காலத்தில் வாசகசாலை ஆளைத் தேடிப் போகும், ஆள் வாசகசாலையைத் தேடி வரமாட்டான் என்று மேடையில் பேசினேன். அப்படிப் பேசிய வாய்க்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. இந்த லட்சணத்தில் போனால் வரப்போகிற காலத்து வாசகசாலையில் புத்தகம் கூண்டுக்குள் இருக்கும், வாசலில் ஒருவன் தடியோடு நிற்பான், பக்கத்தை இடுக்கியால் புரட்டிக் காட்டுவார்கள். அதுவே சரி என்று தோன்றுகிறது. நாளை நானும் செட்டியார் பக்கம் கை தூக்கப்போகிறேன்.

ஏன் என்றால், நீ போன மாசியில் அனுப்பினாயே அந்த வைரமாலைத் திருட்டு நாவல், அது பெட்டியில் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கடைசி ஏடுகள் அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகக் கிடக்கிறது. முகர்ந்தேன், புளித்த ரப்பர் பால். பிரிக்கச் சொன்னால் தோலோடு உரிந்து வருகிறது என்றான் சீனி. நெத்திலியாவது மறதி, பொடியாவது வியாதி, இது வேண்டுமென்றே செய்த அசிங்கம். (அந்த நாவலின் முடிவு ஈப்போவிலேயே ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அது அடியேன். ஜமீன்தாரின் மாலையை எடுத்தது சமையற்காரனா, மைத்துனனா, கணக்கப்பிள்ளையா என்று கேட்டுப் பையன்கள் சுடச்சுடப் பொரித்த பிசாங் கோரேங் வாங்கிக்கொண்டு என் பின்னால் அலைகிறார்கள்.) நேற்றுச் சன்னாசி வந்தபோது கேட்டே விட்டேன். நாங்க ஒட்டலைங்க என்கிறான். நெத்திலி வைத்தவனும் அது நானில்லை என்றுதான் சொன்னான். போதும், எனக்கு வெறுத்துவிட்டது.

அண்ணே, குடிக்கிற மருந்தைக் கொடுத்து அப்பாவை அம்மா படுக்க வைத்துவிட்டார்கள். குறட்டை கேட்கிறது. இனி அடைப்பு வேண்டாம், நேராகவே எழுதுகிறேன். சன்னாசி மாமா சொன்னதை அப்பா பாதிதான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் பிசாங் கோரேங் தின்றுகொண்டு நின்றேன், முழுவதும் கேட்டேன். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஐயா, அது ஒட்டித்தான் வந்துச்சு, எங்களுக்கு வேண்டாம்னு நீங்கதான் ஒட்டி அனுப்பிச்சீங்கன்னு நெனச்சோம், தோட்டத்து ஆளுங்க தெரிஞ்சுக்கப்படாத சங்கதி ஏதோ கடைசியில இருக்கு, பெரியவங்க பாத்து மூடியிருக்காங்க, யாரும் தொடக்கூடாதுன்னு லயத்துல சொல்லி வச்சேன், செல்லாயி மவ ஆசைப்பட்டு நகத்தால கீறிப் பாத்துச்சு, அதுக்கு ஒரு அறை வச்சேங்க, என்றார். பிறகு அவரே சிரிக்கப் பார்த்தார். முடிவு இல்லாட்டி என்னங்க, நாங்களே ஒண்ணு போட்டுக்கிட்டோம், கணக்கப்பிள்ளைதான் எடுத்திருப்பான்னு லயத்துல மொத்தப் பேரும் ஒரே வாக்கு, எங்க தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியக் கூட்டியாந்து காட்டினா நீங்களும் அதையேதான் சொல்லுவீங்க, என்றார். பெட்டியை இங்கேயே வச்சிட்டுப் போறேங்க, நாளன்னிக்கி என்ன சொல்றாங்களோ பாத்துக்கிடலாம், என்று வெறுங்கையோடு ரயிலுக்குப் போய்விட்டார். போகும்போது கதவுப் பக்கம் திரும்பி, சீனித்தம்பி, வாரேன்லா, என்றார். வாயில் இருந்தது இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் வாழைப்பழம் அல்ல. ஒட்டியது நான்தான். பள்ளியில் பையன்கள் பந்து செய்ய ரப்பர் பால் கொண்டுவருவார்கள், அதில் ஒரு புட்டி என்னிடம் இருந்தது. பெட்டி கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கோழி இறகால் தடவினேன். எனக்கு முன்னால் வேறு யாரும் முடிவைப் படித்துவிடக் கூடாது, அவ்வளவுதான், வேடிக்கையாக இருந்தது. லயத்தில் யாராவது பிரிக்கப் பார்த்து ஓரம் கிழிந்தால் பழி அவர்கள் மேல் போய்விடும் என்று நினைத்தேன். அவர்கள் தொடவே இல்லை. கொசு அடித்த பக்தனையும் மூக்குப்பொடியையும் எழுதும்போது அருவருப்பில் எனக்குக் கை கூசியது, இப்போது என் விரலை முகர்ந்தால் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கிறது. பெயர்தான் சீனி, பக்கத்தில் வந்தால் கட்டெறும்பு. நீங்கள் அப்பாவுக்குப் பதமாக ஒரு கடிதம் எழுதிச் சமாதானம் செய்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் கூட்டம் நாளைக்கு. கப்பலோ பினாங்கு சுற்றிப் போகும்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன் அண்ணே. அப்பா எழுந்து வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கடுதாசி முடிஞ்சுதாடா, எங்க படி கேப்போம், என்றார். முதல் அடைப்பைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். எதிரே அந்தக் காலிப் பெட்டி, நீங்கள் அடித்த ஆணி ஒன்று லேசாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் தாண்டக் கால் வரவில்லை. திரும்ப முதல் வரிக்குப் போய் நெத்திலி, பூனை, வாசனைசாலை என்று ஒன்று விடாமல் நேற்றைய கதவு மறைவு, ரப்பர் புட்டி, கோழி இறகு வரைக்கும் வாசித்தேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். அப்பா அந்த நாவலைக் கேட்டு வாங்கி, ஒட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, என் மூக்கு சொன்னது சரிதான், பால்தான், எந்தக் கைன்னு கேக்காம விட்டது என் தப்பு, என்றார். நாவலை மூடி மடியில் வைத்து, அந்தப் புள்ளைக்கு விழுந்துச்சே ஒரு அறை, அது யாருக்குச் சேரணும், என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. எழுது என்றார். இனி வருவது அப்பா சொன்னது.

பத்துமலை, தோட்டத்திலிருந்து அழுக்கு வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது இந்த வீட்டிலிருந்துதான் பெட்டி ஏறிப் போயிருக்கிறது. அதற்காக நெத்திலியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எச்சில் விரலையும் எண்ணெய்த் தலையையும் மன்னிக்கவில்லை, இப்போதும் குமட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்க வேண்டும், கழுவாத கைக்குப் புத்தகம் கிடையாது என்று நாளைக்கு எழுந்து சொல்லத்தான் போகிறேன். ஆனால் பெட்டி போகும். செட்டியாருக்கு எதிராகத்தான் கை தூக்குவேன், ஒட்டியது யார் மகன் என்று சபையில் நானே சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். படிக்க ஆசைப்படுகிறவர்கள், மூடியிருந்தால் அது தங்களுக்கு இல்லை என்று எண்ணிக் கையை எடுத்துக்கொள்கிற இடத்தில், கண்ணாடி அலமாரிக்கு ஒரு பூட்டுகூடத் தேவைப்படாது. திங்கட்கிழமை சீனிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய், லயத்தில் எல்லார் முன்பும் நின்று ஒட்டியது நான் என்று சொல்லி, செல்லாயி மகளிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கதையின் முடிவை வாயாலேயே சொல்லிவிட்டு வரவேண்டும். இவன்தான் ஈப்போவிலேயே முடிவு தெரிந்த ஒரே ஆளாமே. நீ மறக்காமல் அந்த நாவலின் கடைசிப் பாரத்தை, முடிவு அச்சான அந்த ஒரு தாளை மட்டும் அச்சுக்கூடத்தில் கேட்டு வாங்கித் தபாலில் அனுப்பு, இங்கே தைத்துக்கொள்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். தண்டாயுதபாணி உன் பக்கத்தில் நிற்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கட்டும். மோர் குடிக்க மறக்காதே, சாப்பிடுமுன் கையைக் கழுவு.

உன் அன்புள்ள தகப்பன்
அப்பாவு
(கட்டுப் போட்ட கண்ணோடு அப்பாவே போட்ட கையெழுத்து. மேசையில் இறங்கி ஓடியதைத் துடைத்துவிட்டேன்.)

அண்ணே, இந்தக் கடைசி அடைப்பை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. (அந்த முடிவு எனக்குத் தெரியாது. படித்து முடிப்பதற்குள் பெட்டி கிளம்பும் நாள் வந்துவிட்டது, அதனால்தானே ஒட்டினேன், திரும்பி வந்ததும் முதல் ஆளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று. பால் அவ்வளவு இறுகும் என்று யாருக்குத் தெரியும். உரித்த ரப்பர்த் தோலில் எழுத்து இடவலம் மாறி ஒட்டி வந்தது, அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டி வாசித்தேன். ஆகையால் உண்மையான குற்றவாளி என்பது வரை தெரிந்தது, அடுத்த சொல் தெரியட்டும் என்று தோலைப் பிடித்து இழுத்தேன், எழுத்தும் கூடவே நீண்டு போய்விட்டது. பிசாங் கோரேங் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குச் சமையற்காரன் என்றும் மீதிப் பேருக்கு மைத்துனன் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லயத்தில் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நானும் அவர்களைப் போல ஒட்டிய பக்கம் வரைக்கும் படித்தவன்தான். பாரம் தாமதமானாலும் ஒரே ஒரு வரி உடனே எழுதிப் போடுங்கள், கணக்கப்பிள்ளைதானே?)