மருந்தடிக்கும் பட்டியலில் இருந்த பெயர்

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் மகளுக்குச் சோப்பு வாங்கப் போனேன். உறையைத் திருப்பினால் மூலையில் ஒரு பச்சை இலை. பக்கத்தில், "பொறுப்புடன் பெறப்பட்ட செம்பனை எண்ணெய்" என்று பாமாயிலைப் பற்றி ஒரு வரி. சட்டென்று உன் குரல் கேட்டது. "இலை வரையறது சுலபம்லா. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாங்களா?" கடைக்காரப் பையன், "வேணாமா ஆன்டி?" என்று கேட்கும்வரை சோப்பைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஆன்டியாம்! நீ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பாய்.

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. கிள்ளான் சோப்புத் தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எண்ணெய் தரும் தோட்டங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத, இப்போது நான் ஒருத்திதான்.

நாம் சேர்ந்து போன முதல் தோட்டம் நினைவிருக்கிறதா? தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஆவணக் கோப்பை நீட்டினார். நான் ஏசி அறையில் உட்கார்ந்து, "பாலூட்டும் தாய்மாருக்கு மருந்தடிக்கும் வேலை இல்லை" என்ற வரியில் டிக் போட்டேன். கடிதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. உன்னைத்தான் காணவில்லை. தேடி வந்தால், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வாசலில், யாருடைய பிள்ளையையோ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"வேலைக்கு வந்தியா, பிள்ளை பார்க்க வந்தியா?" என்றேன்.

"மணி பத்தாகட்டும், இரு."

பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வந்தார்கள். பேச்சோடு பேச்சாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக்கொண்டாய். கடைசியாக வந்தவள், குழாயடியில் முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தொட்டாள். களைக்கொல்லி அடிப்போர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பட்டியல் அலுவலகச் சுவரில், என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லிடாதீங்க அக்கா," என்று அவள் அழுதாள். "மருந்தடிச்சாதான் கூடக் காசு. வேற வேலைக்குப் போனா எப்படிக் கட்டுப்படியாகும்?"

நம் மேலாளர் அந்தத் தோட்டத்தையே விட்டுவிடலாம் என்றார். அதுதான் சரி என்று நானும் தலையாட்டினேன். நீ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம கை சுத்தமாயிடும். அவ நாளைக்கும் மருந்துத் தொட்டியை முதுகுல தூக்குவா. எண்ணெய் வேற யாருக்காவது போகும்," என்றாய். மூன்று மாதம் விடாமல் போய்ப் பேசினாய். பால் கொடுக்கும் காலம் முழுக்க நாற்றங்காலில் வேலை, சம்பளம் குறையாது என்று தோட்டத்தாரை எழுதிக் கொடுக்கவைத்தாய். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை தர நம் கம்பெனியையும் இழுத்து வந்தாய். என் தவறான டிக்கைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. காரில் மட்டும், "ஏசி நல்லா இருந்துச்சா?" என்றாய்.

போன வாரம், பிரசவ விடுப்புக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு புதுத் தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். குழந்தையைச் சாலாக் செலாத்தானில் இருக்கும் மாமியாரிடம் விட்டிருந்தேன். வழியெல்லாம், "குடிச்சாளா? அழறாளா?" என்று போன். நாலாவது தடவை, "குடிச்சா, தூங்கறா. நீ உன் வேலையைப் பாரும்மா," என்று வைத்துவிட்டார்.

ஆயாக்கொட்டகையில் உன்னைப் போலவே உட்கார்ந்தேன். ஆனால் உன் வாய் எனக்கு இல்லையே. தாய்மார் வந்தார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அப்போது ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான், எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. அவசரமாகக் கோப்பால் மறைத்தேன். ஓர் இந்தோனேசியப் பெண் பார்த்துச் சிரித்துவிட்டாள். தன் துப்பட்டாவை என் தோளில் போட்டு, எத்தனை மாதம் என்று மலாயில் கேட்டாள். நாலு என்றேன். தன் பிள்ளைக்கு ஐந்து என்றாள். பிறகு, நான் கேட்காமலே, தானும் பால் கொடுக்கும் இன்னும் இரண்டு தாய்மாரும் மருந்தடிக்கப் போவதைச் சொன்னாள்.

தோட்டத்துக் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் நம் மேலாளர். நாளைக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை, தெரியும்தானே? கையில் குழந்தை வேறு.

இன்று சாயங்காலம் அறிக்கையை அனுப்பிவிட்டேன். பெண்களின் பெயர்களை எழுதவில்லை; நீயும் எழுதியதில்லை. சம்பளம் குறையாமல் வேறு வேலை தருவதாகத் தோட்டம் எழுதித் தரும்வரை என் கையெழுத்து இல்லை, அதுவரை நானே போய்ப் பேசுகிறேன் என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன் தைரியம் எனக்கு வந்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் பார்த்த ஒருத்தியைப் பார்க்காததுபோல எழுத இனி எனக்கு வராது. அந்த அளவுக்கு என்னைக் கெடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.