ஒத்தைக்கண் பாலமும் தண்டவாளத்தில் வைத்த காதும்

மாப்பிள, ஒத்தைக்கண் பாலத்தை ஒருநாள் இடிப்பார்கள் என்று அன்றைக்கே சொன்னேன். எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னவன் நான், உனக்குத் தெரியாததா. நேற்று இரட்டை ரயில் பாதைக்காகப் பெயர்த்தார்கள். முதல் செங்கல் உதிர்ந்ததும் ஆட்டு மொச்சை குப்பென்று வந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் உன் ஆடுகளின் வாடை சுண்ணாம்பில் ஊறிக் கிடக்கிறது. இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெள்ளைக்காரன் ரயில்மேடு போட்டபோது, ஆடுமாடு மேற்கே போக வழி விடாவிட்டால் ஒரு கூடை மண் சுமக்க மாட்டோம் என்று என் பூட்டன் துரையின் குதிரையை மறித்த கதையை அவரிடம் சொன்னேன். பூட்டன் அப்போது பிறந்திருந்தாரா என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய்.

ரயில்மேட்டுக்கு அடியில் ஒரே கண் விட்ட பாலம், குனிந்துதான் அதற்குள் போகவேண்டும். முன்னால் மணி கட்டிய உன் வெள்ளாட்டுக் கிடா, பின்னால் ஊர்க்காரர்கள் உன்னை நம்பி விட்ட செம்மறிகள். செம்மறிக்குச் சொந்த யோசனை கிடையாது. கிடா போனால் அதுதான் பாதை.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஐப்பசி. நாலு நாள் மழையில் கரிசல் களியாகிவிட்டது. அதிலேயே நின்றால் குளம்பு அழுகிவிடும், மேற்கே செவக்காட்டு மேட்டுக்கு ஏற்றினால்தான் ஆடு பிழைக்கும். பாலத்துக்குள் முழங்கால் தண்ணீர். செம்மறி தண்ணீரில் கால் வைக்காது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடத்தவேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தின் மேலே ஏற்றவேண்டும். நீ என்னைத் தேடி வந்தாய். மணியாச்சியில் வண்டி புறப்பட்டால் இங்கன தண்டவாளத்தில் காதை வைத்துச் சொல்லிவிடுவேன் என்று டீக்கடையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. நானே எடுத்த பேர்தான்.

காதை வைத்தேன். வண்டி வருகிறது, தூக்கியே கடத்து என்றேன். நீ கேட்கவில்லை. கிடா மேடேறியது, மந்தை பின்னாலேயே ஏறியது. சரக்கு வண்டி வந்தது. கிடாவும் ஒன்பது ஆடும். நாற்பது என்று நான் விளாத்திகுளம் வரை சொல்லியிருக்கிறேன்.

ஆட்டுச் சொந்தக்காரர்கள் ஓடிவந்து உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் எச்சரித்ததை அவர்களிடம் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "ஆமா. மச்சான் சொன்னாவ. நாந்தான் கேக்கல."

அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் உன்னை நம்பி ஆடு விடவில்லை. பிடிவாதக்காரன் என்றார்கள். நீ தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாய், குச்சி அடுக்கினாய். என்னைக் கண்டால் எப்போதும்போல, "என்ன மச்சான், இன்னைக்கு எந்த வண்டி லேட்டு?" என்று கேட்பாய். வேறொன்றும் கேட்டதில்லை.

கிடாவின் மணி என் வீட்டு நிலையில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறேன். நேற்று இன்ஜினியருக்கும் சொன்னேன். கிடா நிஜம், மழை நிஜம், உன் பதில் நிஜம். அந்த நாற்பதைத் தவிர ஒரே ஒரு இடம்தான் நான் மாற்றியது. அன்றைக்குக் காதை எடுத்துவிட்டு நான் சொன்னது இதுதான்:

"வண்டி மணியாச்சியே தாண்டல. மேல ஏத்து மாப்ள."