குளிர் அறையின் சுதி

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே கத்திக்கொள்வோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே வந்து ஐந்து வாரமாகிறது. ஒத்திகைக்கு நல்ல அறை கிடைத்திருக்கிறது. மார்ச் 14 எங்கள் இசைக்குழுவுக்கு முதல் மேடை. மூன்று குழுக்களில் நாங்கள்தான் முதலில் ஏறுகிறோம்; அதாவது ஆட்கள் வந்து உட்காருவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

ஒரே ஒரு கோளாறு. இங்கே எங்கள் ஆறு பாட்டும் உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கின்றன. நம் சோடாபுட்டி, கீபோர்டு வாசிக்கிறாளே, அவள்தான் கண்டுபிடித்தாள். "அடியில எப்பவும் உர்ர்ர்னு ஒண்ணு ஓடுமேடா, அது எங்க?" என்றாள். அது உன் குளிர் அறை மோட்டர். உன் பூக்கடையின் பின்னறையில் ஒன்றரை வருஷம் வாசித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அது ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுக்கே தெரியாமல் அதற்குத்தான் சுதி சேர்த்திருக்கிறோம்!

அந்தச் சத்தத்தை அரை மணி நேரம் போனில் பதிவுசெய்து அனுப்ப முடியுமா? நீ எங்கள் சாமான்களை மழையில் நடைபாதையில் தூக்கி வைத்ததையும், "நீ எனக்கு அக்காவே இல்ல" என்று நான் கத்தியதையும் இதில் இழுக்க வேண்டாம். இது தொழில் விஷயம்.

தம்பி

பிப்ரவரி 16

தொழில் விஷயமாக எழுதிய துரைக்கு,

மாமாவுக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓடுகிறது.

நேற்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரோஜா வாளிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதிவுசெய்தேன். குளிரில் நாலு முறை தும்மினேன். மாமா உன் நம்பருக்கு அனுப்பிவிட்டார்.

நீ இழுக்க வேண்டாம் என்றாலும் நான் இழுக்கத்தான் போகிறேன். பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் "உள்ள என்ன, மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். "தம்பி வாசிக்கிறான்" என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ஒருவர் மலர்வளையம் வாங்க வந்து நின்றார். மனைவி போய் ஒரு நாள்கூட ஆகவில்லை. அட்டையில் அவள் பெயரை எழுதச் சொல்கிறார், உங்கள் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. மூன்று தடவை சொல்ல வைத்தேன். உங்கள் கதவை எத்தனை முறை தட்டினேன் தெரியுமா? திறந்தீர்களா? அவர் போன பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் எல்லாவற்றையும் வெளியே வைத்தேன். மழை வரும் என்று நினைக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்று நனைந்த கிட்டார் உறை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்காமல், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. உன் கடிதத்தை ஒத்திகை அறை வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தேன். சோடாபுட்டி கேட்டாள், அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் கீபோர்டைத் துடைத்தாள்.

மோட்டர் வந்துவிட்டது. பாட்டுகளும் தேறிவிட்டன.

பதினான்காம் தேதி வருவாயா? கூப்பிட எனக்கு முகமில்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 3

என் கண்ணுக்கு,

பதின்மூன்றாம் தேதி இரவு ரயிலில் வருகிறோம். கடைக்கு ஒரு நாள் லீவு. மாமா காதில் வைக்க இப்போதே பஞ்சு வாங்கிவிட்டார், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்று குளிர் அறையைப் பார்க்க மெக்கானிக் வந்தார். என் மோட்டர் மேடையேறப் போகிறது என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன். மனுஷன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "ஏம்மா, அவங்ககிட்டதான் கீபோர்டு இருக்கே! நாலு பட்டனைத் திருகினா இதே சத்தம் அஞ்சு நிமிஷத்துல வந்துடுமே. உங்களை எதுக்கு அந்தக் குளிர்ல உக்கார வெச்சாங்க?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "மோட்டருக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

அடப்பாவி, எனக்கு ஒரு கடிதம் எழுத உனக்கு இவ்வளவு பெரிய சாக்கு வேண்டியிருந்ததா? நானும் அந்த ஐந்து வாரமும் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா