பேனரில் போட்ட பட்டம்

அன்பு மகன் மணவாளனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பெரியபாளையத்தாள் புண்ணியத்தில் இங்கே நான், நைனா, உன் தங்கை இளமதி, மாடு, கன்று எல்லாரும் சௌக்கியம். அந்தக் குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என் வேண்டுதல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் தங்கையின் பேச்சை எடுத்தாலே, அத்த உடும்மா என்று சொல்லிக் கட் பண்ணிவிடுகிறாய். காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார். கவரப்பேட்டை ஸ்டீபன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவனிடம் ஆவக்காய் ஊறுகாயும் பழவேற்காட்டுக் கருவாடும் கொடுத்து, நடுவில் இதையும் வைத்து அனுப்புகிறேன். கருவாட்டு வாசனை அடித்தால் முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி.

சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்துவிட்டது. இந்த வருஷம் மெஷின் சொன்ன நாளில் வந்துவிட்டது, அதுவே பெரிய அதிசயம். நெல் களத்தில் கிடக்கிறது, வியாபாரி வருகிறேன் வருகிறேன் என்கிறான், வானமும் வருகிறேன் வருகிறேன் என்று மூடிக்கொண்டு நிற்கிறது. நைனாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்க்கச் சொன்னால் எண்ணெய் விற்கிற விலைக்கா என்கிறார், ஆனால் பேனர் வைக்க மட்டும் கை தாராளமாக நீள்கிறது. அந்தப் பேனர் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நீ பதறாதே.

சித்திரையில் இளமதி உன்னிடம் விஷயத்தைச் சொன்னபோது நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பி.இ. முடித்த பெண், பன்னிரண்டாவதுதான் படித்தேன் என்று சொல்லி சிப்காட் கம்பெனியில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தாங்கவில்லை. உன் தங்கை என்பதால் நீ ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொண்டு கடல் தாண்டிப் போய் அவளைப் படிக்க வைத்தாய். படித்ததையே அவள் மறைத்துவிட்டாளே, அப்படியென்றால் நான் அனுப்பிய டப்பு எல்லாம் எங்கே போச்சு, நகையாவது செய்து போட்டிருக்கலாமே, காலேஜுக்குக் கொட்டினது ஏரியில் கொட்டினது மாதிரி என்றாய். அன்றிலிருந்து அவளோடு நீ பேசவில்லை. அவள் போன் செய்தாலும் எடுப்பதில்லை. உன்மேல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரிய வேலைக்குப் போனால் அனுபவம் இருக்கிறதா என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் மெஷின் வேலைக்குப் போனால் பட்டம் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றால் வேண்டாம் என்பார்கள். படித்தவர்கள் மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்களாம், சட்டம் பேசுகிறார்களாம். உன் ஐ.டி.ஐ.யை மறைக்க வேண்டிய நிலைமை உனக்கு ஒரு நாளும் வந்ததில்லை, அந்தப் பேஜாரு உனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் பட்டம் போடாவிட்டால் ஊர் கேட்கிறது, கம்பெனியில் பட்டத்தைச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள், பெண்பிள்ளை என்னதான் செய்வாள் சொல்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆடியில் நம் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம் அல்லவா, அதற்கு வீட்டுக்கு வீடு பேனர் வைத்தார்கள். போன வருஷம் எதிர்வீட்டுச் செல்வி தன் மருமகன் படத்தைப் போட்டு எம்.பி.ஏ. என்று தேங்காய் அளவு எழுத்தில் வைத்ததை உன் நைனா மறக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் புதுவாயல் போய் பேனர் அடித்துவந்து, ராவோடு ராவாக ஊர் ஆர்ச் பக்கத்தில் கட்டிவிட்டார். இந்தப் பக்கம் நீ ஏர்போர்ட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற படம், கீழே மணவாளன், குவைத். அந்தப் பக்கம் உன் தங்கை காலேஜில் பட்டம் வாங்கியபோது கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டு எடுத்த படம், கீழே இளமதி பி.இ., மெக்கானிக்கல். நடுவில் பாவம் அம்மன், கொஞ்சம் சின்னதாக. கம்பெனி பஸ் நின்று ஆளேற்றுவது அந்த ஆர்ச் பக்கத்தில்தான் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாதா. தினமும் பெண்ணைக் கொண்டுபோய் விடுகிறவரே அவர்தான். நான் கேட்டதற்கு, கம்பெனிக்கும் அம்மனுக்கும் இன்னா சம்மந்தம் என்றார். பேர் என்றால் பக்கத்தில் பட்டம் போடுவது நம் பக்கத்துப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடுகிறது.

காலையில் இளமதி பஸ் ஏறப் போய் அதைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாளாம். பேனரில் இருக்கிற முகத்தை யார் மூடுவது. அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற ரம்யா, நல்ல பெண்தான், ஜன்னல் வழியாகப் படம் பிடித்து, நம்ம இளா எவ்ளோ அழகு பாருங்க என்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அழகைப் பார்த்தவர்கள் எழுத்தையும் படித்தார்கள். மதியம் சாப்பாட்டுக்குள் அது ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. ஆள் எடுக்கிற அதிகாரி ஸ்ரீராமன் சார் கூப்பிட்டு, நாளைக்கு அப்பா அம்மாவோடு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, சாப்பிடவுமில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் இதுவும் போச்சா என்பாரே என்று மட்டும் சொன்னாள். நைனா மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். ஸ்ரீராமன் சார் திருவள்ளூர்க்காரர், நெற்றியில் நாமம், பேச்சில் மரியாதை, ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. எதிரில் நாற்காலிகள் போட்டிருந்தன. நான் வாசற்படி பக்கம் நின்றேன், நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். தாலுகா ஆபீஸாக இருந்தாலும் பேங்காக இருந்தாலும் அவர் நிற்பது அப்படித்தான், நீயும் பார்த்திருக்கிறாய். இளமதி ஒரு நாற்காலியை இழுத்து, நைனா நீ உக்காரு, அம்மா நீயும் வா என்றாள். உரக்கச் சொல்லவில்லை, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னாள். நைனா அந்த அதிகாரி முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகுதான் அவளும் உட்கார்ந்தாள். நம் குடும்பத்தில் ஒரு ஆபீஸில் நாங்கள் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை மணவாளா, பயத்திலும் எனக்கு அது மனதில் பட்டது.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்டார். நைனா பதறி எழுந்து, தப்பு என்னுது சார், பேனர் வெச்சது நான் என்றார். அவள் அவரைக் கையால் அமர்த்தினாள். அவள் சொன்னதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் உனக்கு எழுதுகிறேன். "எங்க அண்ணன் தான் படிக்காம என்ன படிக்க வெச்சாரு சார். அத்த மறைக்கறதுக்கு எனக்கு மனசு வலிச்சுது. ஆனா ஊட்டுல சும்மா குந்திக்கினு அவரு அனுப்பற காசுல துன்றது அத்த விட வலிச்சுது. வேல செய்யத்தான் சார் வந்தேன். என் வேலைல குத்தம் இருந்தா சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். இது மாதிரி லைனில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இளமதி வாயைத் திறக்கவில்லை. சரி, நானே போய்க் கேட்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு உன்னை வலம் வருகிறேன் தாயே, இந்தப் பெண் வேலை நிலைக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். நைனா வைத்த பேனருக்கு நான் வேப்பிலை கட்ட வேண்டியிருக்கிறது, என் தலையெழுத்தைப் பார்.

உள்ளே நடந்ததைப் பிறகு ரம்யாவிடம் கேட்டு இளமதி சொல்லித்தான் தெரியும். பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டாராம். பிறகு படம் அனுப்பிய அந்த ரம்யாதான் மனது கேட்காமல் முதலில் கையைத் தூக்கி, நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சார் என்றாளாம். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பி.காம்., அடுத்து ஒரு பி.இ., இப்படியே பாதி லைன் கையைத் தூக்கிவிட்டதாம். கடைசியில் சூப்பர்வைசர் ரகு தலையைச் சொறிந்துகொண்டு, நான் எம்.ஏ. சார், வரலாறு, தபாலில் படித்தேன் என்றாராம். இத்தனை பட்டத்தையும் கைக்குட்டை மாதிரி மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பிள்ளைகள் அங்கே போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஸ்ரீராமன் சார் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அம்மா, எல்லாரையும் அனுப்பிட்டா நாளைக்கு நான்தான் மிஷின்ல நிக்கணும் என்றார். அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். நைனாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

நல்ல வேலை கிடைத்தால் விட்டுப் போய்விடுவாயா என்று அவளைக் கேட்டார். போவேன் சார், ஆனா முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் போவேன் என்றாள். நைனா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார், அவள் காலை மிதிப்பதாக நினைத்து. இப்போதாவது உண்மையைச் சொல்கிறாயே என்று அவர் தலையாட்டி, போய் வேலையைப் பார் என்று அனுப்பினார். இந்த மாதத்திலிருந்து அவள் கம்பெனி அட்டையில் படிப்பு சரியாக ஏறியிருக்கிறது. சம்பளம் ஏறவில்லை. தரம் பார்க்கிற பிரிவில் இடம் வந்தால் முதலில் இவளைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், வரும்போது வரட்டும். இனி யாருக்கும் பயப்படாமல் பஸ் ஏறுகிறாள், எனக்கு அது போதும். வீட்டில் எல்லாருக்கும் இப்போதுதான் சாப்பாடு ருசிக்கிறது.

காலேஜுக்குக் கட்டினது வீணா என்று நீ கேட்டாயே, உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். வேலைக்கு என்று பார்த்தால், எட்டாவது படித்த எனக்கே தெரிகிறது, பட்டம் வாங்கித் தந்த வேலை இல்லை இது. இன்னொரு பிள்ளைக்கு யாராவது யோசனை கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டாதே, என்ன படிப்பு, எங்கே படிப்பு என்று பார்த்துச் செய் என்றுதான் சொல்வேன். அதில் நீ சொல்வது சரி. ஆனால் உன் நைனா அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாரே, அதற்கு நான் யாரிடம் விலை கேட்பேன். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டது அவள் கை, அதற்குப் பின்னால் இருந்தது நீ. எனக்கு அப்படித்தான் தோன்றியது, தோன்றியதை எழுதுகிறேன். நீ படிக்காதவன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை கண்ணு. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கூழ் ஊற்றி முடிந்ததும் அந்தப் பேனரை நைனா கழற்றிவந்துவிட்டார், கெட்டியான ஷீட்டு, எறிவாரா. நேற்று சாயங்காலம் திடீரென்று மழை வந்தது. நெல் அம்பாரத்தின் மேல் அதைத்தான் விரித்தோம், படம் மேலே தெரிகிறபடி. காற்றில் பறக்காமல் இருக்க நைனா ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து உன் படத்தின்மேல் வைத்தார். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த இளமதி, பையைக்கூடக் கீழே வைக்காமல் மழையில் ஓடிவந்து, "அண்ணன் மூஞ்சி மேல கல்லு வெக்காத நைனா" என்று அதை எடுத்து, தன் பி.இ. மேல் வைத்துவிட்டுப் போனாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே, ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. அம்மனுக்கு வேப்பஞ்சேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உன் பேரிலும் சேர்த்துத்தான் வலம் வருவேன். அந்தத் தாய் உன்னை நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வைத்திருக்கட்டும். முக்கியமானது, வேலை நேரத்தில் இளமதியின் போன் கம்பெனிப் பெட்டியில் பூட்டியிருக்கும், ஆறு மணிக்கு மேல் கையில் இருக்கும், நம் ஊர் ஆறு மணி. நீ கூப்பிடு. கல் விஷயத்தை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே, கோபித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா
சந்திரகலா