வாசனை மிகுந்தது என்று பெயர்

என் கமலா,

டாலிகஞ்சில் மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலையை ஒருவழியாக மூடிவிட்டார்கள். நம் மங்கை, நீ பாடம் நடத்திய கல்லூரியிலேயே தாவரவியல் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் புத்தகத்தைக் காட்டி, "இந்தப் பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்றாள். பேங்க்காரனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே செடி அதுதான். கால்தீரியா ஃப்ராக்ரன்டிஸிமா.

கல்யாணமான புதிதில், டார்ஜிலிங் மலைப்பாதையில் அதன் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாய். ஹீத் என்ற தாவரக் குடும்பத்துப் புதர் என்றாய். பெயரின் முன்பாதி கனடாவில் இருந்த ஒரு பிரெஞ்சு வைத்தியருடையது. பின்பாதிக்கு, வாசனை மிகுந்தது என்று பொருள்.

"அந்த வைத்தியர் இங்க வந்தாரா?"

"எங்கேங்க வந்தாரு! அவர் ஊர்ல இதுக்கு ஒரு பங்காளி இருக்கு. அதுக்கு வச்ச பேரு இதுக்கும் இனப் பேரா ஆயிடுச்சு."

பிறகு கரியாஹாட்டில் டிராமிலிருந்து விழுந்தாய். தலைக்காயம் ஆறியது, மோப்பம் மட்டும் திரும்பவில்லை. "பூ வாசனை தெரியாதவ என்னத்தப் பாடம் நடத்துறது?" என்று வேலையை விடப் பார்த்தாய். நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டார்ஜிலிங் மாணவி ஒருத்தி அதே இலைகளை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். "எனக்கு வாசனை தெரியாது. வச்ச பேரு சரியான்னு நீங்கதான் சொல்லணும்" என்று பெண்களிடம் கொடுத்துவிட்டாய். ஆளுக்கொன்றாய்க் கசக்கி முகர்ந்தார்களாம். பிறகு ஒருத்தி, "மிஸ், எங்க அண்ணன் புட்பால் ஆடிட்டு வந்து கால்ல வலித் தைலம் தேய்ப்பானே, அதே வாசனைதான்!" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அன்று சாயங்காலம் சிரித்தாய். வேலையை விடும் பேச்சு அதோடு நின்றது.

அன்றிலிருந்து வீட்டில் உன் மூக்கு நான்தான். பால் தீய்கிறது, பக்கத்து வீட்டு மாஷிமா இலிஷ் மீன் பொரிக்கிறாள், மழை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நேற்று, "பருப்பு அடிப்பிடிக்குது" என்றேன். "யார்கிட்டப்பா சொல்றீங்க?" என்று கேட்டாள் மங்கை.

பூஜை லீவில் அவளை டார்ஜிலிங் கூட்டிப் போகிறேன். அங்கே என்னென்ன வாசனை வருகிறதோ, ஒன்று விடாமல் உனக்குச் சொல்வேன். அவள் கேட்டால் கேட்கட்டும்.

நம் மங்கையின் அப்பா,
சண்முகம்