பேனரில் இருக்கும் அம்மா

தம்பிக்கு,

நலமாகத்தான் இருப்பாய். ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு நெட் பிராக்டிஸில் பந்து போடுகிறவனுக்குக் கொரோனா அண்டாத ஓட்டல், வேளைக்குச் சாப்பாடு.

அம்மா செத்த மறுநாள் உன்னை டிவியில் காட்டினார்கள். "நான் செத்தாலும் வராத, நாட்டுக்காகப் பந்து போடுன்னு அம்மா போன்ல சொல்லிச்சி" என்று அழுதாய். ஊர்ப் பையன்கள் அந்தப் பேச்சை அம்மா படத்தோடு பேனராக அடித்து, மானாம்பதி பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தவள் எந்தப் போனில் உன்னோடு பேசினாள்? போன் என் கையில் இருந்தது. எத்தனை முறை அடித்தும் நீ எடுக்கவில்லை.

மாஸ்க்கை விலக்கிவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "அவன் வந்துகினு கீறானாடி?"

"வந்துகினு கீறான்மா" என்றேன். அதை நம்பி, கதவையே பார்த்துக்கொண்டு செத்தாள்.

பேனரை நான் கிழிக்கவில்லை. நீ திரும்பி வந்தால் பையன்கள் மாலையோடு அங்கே நிற்பார்கள். போட்டுக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டு, அப்படியே திரும்பிப் போ. வீட்டுப் பக்கம் வராதே.

இதை அம்மா சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
குழியில் உன் பங்கு மண்ணையும் சேர்த்துப் போட்ட அக்கா